கழித்து எழுதிய எண்

ஒரு பொருளைக் கூறுகளாகப் பிரித்து, எந்தக் கூறு எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது பகுப்பாய்வு. தண்ணீர், பழுப்பு நிலக்கரி, ரத்தம், மணல், மழைக் கணக்கு, ஒரு சொல்லின் இலக்கணம் என்று எதை எடுத்தாலும் வேலை இதுதான். அறிக்கை கைக்கு வந்ததும் அதில் இரண்டு வகை எண்கள் கலந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று, நேராக அளந்தது. மற்றது, அளந்ததையெல்லாம் மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தை எழுதியது. அச்சில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் கழித்து எழுதிய எண்ணில் மற்ற எல்லா அளவீடுகளின் பிழையும் வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு ரிப்போர்ட்டை நம்பலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய இதைவிட முக்கியமான விஷயம் வேறு இல்லை. கடலூர், புதுச்சேரிப் பக்கம் நாம் புழங்கும் விஷயங்களை வைத்தே இதைப் பார்க்கலாம்.

தண்ணீரில் தொடங்குவோம். தேவனாம்பட்டினமோ வீராம்பட்டினமோ, கடலோரத்தில் போர் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தால் எல்லோரும் முதலில், கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்ப்பார்கள். 650 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்த உப்பு கடலிலிருந்து வருகிறதா, மண்ணிலுள்ள சுண்ணாம்பா, பக்கத்து செப்டிக் டேங்க் கசிவா என்பதுதான் தெரிய வேண்டும். அதற்கு அயனி அயனியாக, அதாவது உப்பு கரையும்போது பிரியும் மின்சுமையுள்ள கூறுகளாக, பிரித்தாக வேண்டும்.

தண்ணீர் பிடிப்பதிலேயே பாதித் தவறு நடந்துவிடுகிறது. மோட்டார் போட்டவுடன் வருவது குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈசி மீட்டரில் மின்கடத்துதிறனைப் பார்த்துக்கொண்டே இருந்து, எண் அசையாமல் நின்ற பிறகு பிடிக்க வேண்டும். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்றுக்கு இடமில்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். பிஹெச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) அங்கேயே பார்த்துவிடுவது நல்லது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் பிஹெச் ஏறும். சுண்ணாம்பு கேனின் சுவரில் படியும். லேபில் பார்க்கும்போது கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியத்தின் அளவு) குறைவாகத் தெரியும். கிருமிப் பரிசோதனைக்கு லேப் தரும் கிருமிநீக்கிய பாட்டில் வேறு. அதை அலசவே கூடாது, ஏனென்றால் குளோரினை முறிக்கும் மருந்து உள்ளே போட்டிருப்பார்கள். அதை ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும்.

கடினத்தன்மைக்கு 50 மி.லி. தண்ணீரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, பிஹெச்சை நிலையாக வைக்கும் அம்மோனியா பஃபர் 1 முதல் 2 மி.லி. விட்டு பிஹெச்சை 10-க்குக் கொண்டுவந்து, எரியோக்ரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி ஒரு சிட்டிகை போட்டால் ஒயின் சிவப்பு வரும். பியூரெட்டிலிருந்து (அளவுக் கோடு போட்ட குழாய்), கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கரைசலை 0.01 மோலார் செறிவில் விட விட, சிவப்பு ஊதாவாகி, கடைசித் துளியில் சுத்த நீலமாக மாறும். இந்தச் செறிவில் 1 மி.லி. இடிடிஏ, 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 17.4 மி.லி. ஆனால் அதை 20-ஆல் பெருக்க, லிட்டருக்கு 348 மி.கி. பஃபர் பழசாகி அம்மோனியா பறந்துபோயிருந்தால் பிஹெச் 10-ஐத் தொடாது, நிறமாற்றம் இழுத்துக்கொண்டே போகும். பஃபர் விட்ட பிறகு ஐந்து நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் சுண்ணாம்பு குடுவையிலேயே படியத் தொடங்கும். தண்ணீரில் இரும்பு அதிகம் இருந்தால் நிறம் நீலத்துக்கு வரவே மறுக்கும்.

குளோரைடை அளக்க, இதேபோல் வெள்ளி நைட்ரேட்டைத் துளித்துளியாக விட வேண்டும். பொட்டாசியம் குரோமேட் போட்ட மஞ்சள் கரைசல் செங்கல் நிறத்தின் சாயலைக் காட்டியவுடன் நிறுத்த வேண்டும். பிஹெச் 7-க்கும் 10-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அமிலமாக இருந்தால் குரோமேட் டைகுரோமேட்டாக மாறி முடிவுப்புள்ளி தள்ளிப்போகும், குளோரைடு கூடுதலாகத் தெரியும். காய்ச்சி வடித்த நீருக்கும் இதே சோதனையைச் செய்து, அதற்குச் செலவான 0.2 அல்லது 0.3 மி.லி.யைக் கழித்துவிட வேண்டும். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19,000 மி.கி. நல்ல தண்ணீரில் 60 இருந்து, அதில் கடல்நீர் வெறும் 2 சதவீதம் கலந்தாலே குளோரைடு 440-ஐத் தொடும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-ன் ஏற்கத்தக்க அளவு 250. வேறு வழியில்லாத ஊருக்கு 1000 வரை அனுமதி.

இனி கூட்டல். தண்ணீருக்கு மின்சுமை கிடையாது. நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் சமமாகத்தான் இருந்தாக வேண்டும். மி.கி. அளவை ஒவ்வொரு அயனியின் சமான எடையால் (அயனியின் எடையை அதன் மின்சுமை எண்ணால் வகுத்தது) வகுத்தால் மில்லி ஈக்விவலண்ட், அதாவது மின்சுமைக் கணக்கிலான அளவு, கிடைக்கும். கால்சியம் 80 மி.கி.யை 20.04-ஆல் வகுக்க 3.99. மக்னீசியம் 36-ஐ 12.15-ஆல் வகுக்க 2.96. சோடியம் 115-க்கு 5.00, பொட்டாசியம் 8-க்கு 0.20. ஆக நேர் அயனிகள் 12.15. அந்தப் பக்கம் பைகார்பனேட் 305-க்கு 5.00, குளோரைடு 213-க்கு 6.01, சல்பேட் 48-க்கு 1.00, நைட்ரேட் 12-க்கு 0.19, மொத்தம் 12.20. வித்தியாசம் 0.05. அதை இரண்டு பக்கமும் சேர்ந்த 24.35-ஆல் வகுத்தால் அரை சதவீதம்கூட இல்லை. 5 சதவீதத்துக்குள் வந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்ளலாம். இன்னும் இரண்டு சோதனை உண்டு. கால்சியம், மக்னீசியம் இரண்டின் ஈக்விவலண்டைக் கூட்டி 50-ஆல் பெருக்கினால் 347.5, அதாவது இடிடிஏ காட்டிய 348-தான். நேர் அயனி மொத்தத்தை 100-ஆல் பெருக்கினால் வரும் 1215 மைக்ரோசீமென்ஸ், ஈசி மீட்டர் காட்டுவதற்கு 10 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சோடியத்தை அளக்க ஃபிளேம் போட்டோமீட்டர் என்ற கருவி வேண்டும். அது இல்லாத இடத்தில், எதிர் அயனிகளின் மொத்தத்திலிருந்து கால்சியம், மக்னீசியம், பொட்டாசியத்தைக் கழித்து மிச்சத்தைச் சோடியம் என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அப்படி எழுதிய ரிப்போர்ட்டில் இரண்டு பக்கமும் கடைசிப் புள்ளி வரை சரியாக வரும். வராமல் என்ன செய்யும்? பைகார்பனேட்டில் நடந்த தவறும் குளோரைடில் நடந்த தவறும் சோடியத்துக்குள் புகுந்துகொண்டு கணக்கைச் சமப்படுத்திவிடும். சமநிலைப் பிழை சரியாகப் பூஜ்யம் என்று இருந்தால் அந்த ரிப்போர்ட்டை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். நேர்மையாக அளந்த தண்ணீரில் ஒரு சதவீதமோ இரண்டு சதவீதமோ இடிக்கத்தான் செய்யும்.

கடலோரத்தில் இதன் விளைவு பெரியது. கடல்நீரில் சோடியத்துக்கும் குளோரைடுக்கும் உள்ள விகிதம், ஈக்விவலண்ட் கணக்கில் 0.86. உப்புநீர் புதிதாக நிலத்துக்குள் ஏறும்போது களிமண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை விடுவதால் விகிதம் 0.86-க்குக் கீழே இறங்கும். நன்னீர் திரும்ப உள்ளே வந்து உப்பைத் தள்ளும்போது மேலே ஏறும். நம் கணக்கில் 5.00-ஐ 6.01-ஆல் வகுத்தால் 0.83. அந்தச் சோடியம் நேராக அளந்ததாக இருந்தால் இதில் ஒரு செய்தி உண்டு. கழித்து எழுதியதாக இருந்தால், எதிர் அயனி மொத்தத்தில் 3 சதவீதப் பிழையும் கடினத்தன்மையில் 2 சதவீதப் பிழையும் சேர்ந்து சோடியத்தில் கூடுதலாகவோ குறைவாகவோ 0.4 ஆடும். விகிதம் 0.77-ஆகவும் இருக்கலாம், 0.90-ஆகவும் இருக்கலாம். கடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற கேள்விக்கு அந்த ரிப்போர்ட்டில் பதிலே இல்லை. ஆகவே தண்ணீர் கொடுக்கும்போதே சோடியத்தைக் கருவியில் பார்ப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

நெய்வேலிக்குப் போனால் இதே கதை வேறு உருவத்தில் வரும். பழுப்பு நிலக்கரியின் அண்மைப் பகுப்பாய்வு என்ற அடிப்படைச் சோதனையில் நான்கு எண்கள்: ஈரம், எளிதில் ஆவியாகும் பொருள், சாம்பல், நிலைக் கரி (ஆவியாகாமல் நின்று எரியும் கரி). முதல் மூன்றையும் அளப்பார்கள், நான்காவது நூறிலிருந்து கழித்தது. 212 மைக்ரான் சல்லடையில் இறங்கிய தூள் 1 கிராமை 108 டிகிரியில் உலர்த்தினால் குறையும் எடை ஈரம். இன்னொரு கிராமை மூடிய குரூசிபிளில் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) 900 டிகிரியில் சரியாக 7 நிமிடம் வைத்தால், ஈரம் போக மீதி எடையிழப்பு ஆவியாகும் பொருள். மூன்றாவதை 500 டிகிரிக்கு மெல்ல ஏற்றி, பிறகு 815 டிகிரியில் ஒரு மணி நேரம் எரித்தால் மிஞ்சுவது சாம்பல். வேகமாகச் சூடேற்றினால் கந்தகம் வெளியேறுவதற்குள் சுண்ணாம்போடு சேர்ந்து சாம்பலின் எடையைக் கூட்டிவிடும்.

பழுப்பு நிலக்கரியின் தனித் தொல்லை பொறி பறப்பது. ஈரமும் வாயுவும் அதிகம் என்பதால் 900 டிகிரி உலைக்குள் நேராகத் தள்ளினால் துகள்கள் மூடி இடுக்கு வழியாகத் தெறிக்கும். வெளியே எடுத்த குரூசிபிளின் மூடி விளிம்பில் கரித்தூள் ஒட்டியிருந்தால் அந்தச் சோதனை செல்லாது. முதலில் குறைந்த சூட்டில் காட்டி, மெதுவாக ஏற்றித் திரும்பச் செய்ய வேண்டும். 1 கிராமில் 0.02 கிராம் தெறித்துப் போனாலும் அது ஆவியாகும் பொருளின் கணக்கில் சேர்ந்துவிடும். ஈரம் 50, ஆவியாகும் பொருள் 26, சாம்பல் 4 என்றால் நிலைக் கரி 20. தெறித்தால் 28-உம் 18-உம். நிலைக் கரி பத்தில் ஒரு பங்கு குறைந்துபோனது, ஆனால் கூட்டினால் இப்போதும் நூறு. கூட்டல் சரியாக இருப்பது இங்கே எதற்கும் சாட்சி இல்லை.

ஈரத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. மாதிரியைக் காற்றுப் புகாத டப்பாவில் போடாமல் சாக்கில் கட்டி வைத்தால் 50 சதவீத ஈரம் 46-க்கு இறங்கிவிடும். அதோடு மற்ற எல்லா எண்ணும் 8 சதவீதம் ஏறும், வெப்ப மதிப்பும் சேர்த்து. இரண்டு லேப்களின் அறிக்கை ஒத்துவராதபோது முதலில் பார்க்க வேண்டியது, எண்கள் வந்த நிலையில் உள்ள நிலக்கரிக்கா, காற்றில் உலர்த்தியதற்கா, முழுக்க உலர்ந்ததற்கா என்பது. 4 சதவீதச் சாம்பலும் 8 சதவீதச் சாம்பலும் ஒரே நிலக்கரிக்குப் பொருந்தும்.

மணல் சலிப்பில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் அடித்தட்டில் விழுவதையும் எடை போடுகிறோம். 1000 கிராம் போட்டு எல்லாச் சல்லடையிலும் தங்கியதைக் கூட்டினால் 997 வந்தால் நல்லது. 985 வந்தால் சிந்தியிருக்கிறது, திரும்பச் சலிக்க வேண்டும். எம்-சாண்டுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கல்தூள் பெரிய துகள்களில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் 75 மைக்ரானுக்குக் கீழுள்ள தூளைக் காய்ந்த சலிப்பில் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எடைபோட வேண்டும். ஆற்று மணலுக்கு அது 3 சதவீதம், எம்-சாண்டுக்கு 15 சதவீதம் வரை ஏற்கலாம்.

பள்ளிக்கூடத்துப் பகுபத உறுப்பிலக்கணமும் இதே ஒழுங்கில் நடப்பதுதான். நடந்தனன் என்ற சொல்லில் முன்னே நட பகுதி, பின்னே அன் விகுதி. நடுவில் மிஞ்சுவதை ஒரே மூட்டையாகக் கட்டி இடைநிலை என்று எழுதிவிட்டாலும் கூட்டினால் சொல் வந்துவிடும். ஆனால் அது பகுப்பு ஆகாது. இறந்தகாலம் காட்டுவது த், ட், ற், இன் என்பவை. ந்த் அந்த வரிசையில் இல்லை. செய்தான் என்பதில் த் தனியாக நின்று காலம் காட்டுவதைப் பார்த்திருக்கிறோம் என்பதால், இங்கும் ஒரு த் இடைநிலை. இன்னொரு த் சந்தி, அது ந் ஆனது விகாரம். இடையில் உள்ள அன் சாரியை. ஒவ்வொரு உறுப்புக்கும் இந்தச் சொல்லுக்கு வெளியே சாட்சி இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும்போது பிரித்ததைச் சேர்த்துப் பார்க்கச் சொல்வதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு உறுப்பும் வேறு எந்தச் சொல்லில் வருகிறது என்றும் கேட்டால் மனப்பாடம் தானாகக் குறையும்.

எல்லோர் வீட்டிலும் இருக்கும் ஒரு கழித்தல் எண், கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் 'கெட்ட கொழுப்பு' என்று சொல்லப்படும் எல்டிஎல். பல லேப்களில் அதை நேராக அளப்பதில்லை. 1972-ல் வந்த ஃபிரீட்வால்ட் சூத்திரப்படி, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்டிஎல்லையும் ('நல்ல கொழுப்பு'), டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கிறார்கள். மொத்தம் 200, ஹெச்டிஎல் 40, டிரைகிளிசரைடு 150 என்றால் எல்டிஎல் 130. அதே ஆள் காலையில் இட்லி, வடை சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்து டிரைகிளிசரைடு 300 ஆகிவிட்டால் சூத்திரம் 100 என்று சொல்லும். உடம்பில் எல்டிஎல் குறையவில்லை, கழித்த தொகைதான் கூடியது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் சூத்திரம் செல்லாது. எல்டிஎல் 70-க்குக் கீழே இருக்கும்போதும் சிறு பிழை பெரிதாகத் தெரியும். அப்படிப்பட்ட நிலையில் டைரக்ட் எல்டிஎல் வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்பது நியாயமான கேள்வி.

மருத்துவத்தில் மிச்சத்தை வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு. ரத்தத்திலுள்ள சோடியம் 140-லிருந்து குளோரைடு 104, பைகார்பனேட் 24 இரண்டையும் கழித்தால் 12. இதை அயனி இடைவெளி என்கிறார்கள். அளக்காமல் விட்ட எதிர் அயனிகள் இவ்வளவு என்று அது சொல்கிறது. சர்க்கரை நோயில் கீட்டோன் அமிலம் சேர்ந்தால் இந்த இடைவெளி ஏறும். ரத்தப் புரதமான ஆல்புமின் டெசிலிட்டருக்கு 1 கிராம் குறைந்தால் இடைவெளி 2.5 குறையும் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மிச்சத்துக்குள் என்னென்ன இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் இங்கே கழித்தல் உதவுகிறது.

1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்று மகரந்தப் பகுப்பாய்வு. ஏரி, கழிமுகச் சேற்றில் புதைந்த மகரந்தத்தை எண்ணி, அந்தக் காலத்துக் காடு எப்படி இருந்தது என்று அறிவது இந்தத் துறை. சேற்றிலுள்ள சுண்ணாம்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும், மட்கைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலும், மணலை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்திலும் கரைத்து நீக்குவார்கள். பிறகு ஒன்பது பங்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடும் ஒரு பங்கு கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் சூடாக்குவார்கள். அதற்கு முன் மாதிரியைத் தூய அசிட்டிக் அமிலத்தில் கழுவி, துளி ஈரம் இல்லாமல் செய்ய வேண்டும். தண்ணீர் பட்டால் கலவை சீறித் தெறிக்கும்.

எண்ணிக்கையைச் சதவீதமாகப் போடும்போதுதான் சிக்கல். ரைசோபோரா என்ற சதுப்புக்காட்டு மரம் காற்றில் மகரந்தத்தை ஏராளமாகத் தூவும். அதே காட்டில் வளரும் அவிசென்னியா அப்படி இல்லை. பிச்சாவரம் போன்ற சதுப்புக்காட்டுச் சேற்றில் ரைசோபோரா 40 சதவீதத்திலிருந்து 70-க்கு ஏறினால் மற்றதெல்லாம் சேர்ந்து 60-லிருந்து 30-க்கு இறங்கியே தீரும், அவை ஒரு மரம்கூடக் குறையாவிட்டாலும். இதற்கு மகரந்த ஆய்வாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. நம்மூரில் அந்தச் சேற்றில் வர வாய்ப்பே இல்லாத லைகோபோடியம் என்ற செடியின் வித்துகளை, எண்ணிக்கை தெரிந்த மாத்திரையாகத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுவார்கள். 1 கன செ.மீ. சேற்றில் 20,000 வித்துகள் போட்டு, நுண்ணோக்கியில் 300 மகரந்தமும் 150 வித்துகளும் எண்ணினால், கன செ.மீ.-க்கு 40,000 மகரந்தம். வழியில் எவ்வளவு சிந்தினாலும் இரண்டும் சேர்ந்தே சிந்தும். ஒவ்வொரு மரத்தின் கணக்கும் மற்றதைச் சாராமல் தனித்து நிற்கும்.

இந்தப் பகுதி மக்களுக்கு அதிகம் பாதிப்புள்ள கழித்தல் எண் நிலத்தடி நீர் ஊறுவது. பெய்த மழையிலிருந்து ஓடிப்போனதையும் ஆவியானதையும் கழித்தால் மிச்சம் மண்ணுக்குள் இறங்கியது என்று கணக்கிடுவார்கள். மழை 1200 மி.மீ., ஆவியானது 700, ஓடியது 350 என்றால் ஊறியது 150. கேட்க நன்றாக இருக்கிறது. மழையில் 5 சதவீதம், ஆவியாதலில் 15, ஓட்டத்தில் 20 சதவீதப் பிழை என்பது சாதாரணம், மி.மீ.யில் அவை 60, 105, 70. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 140. அதாவது ஊறியது 150, அதில் 140 கூடலாம், குறையலாம். இந்த எண்ணை வைத்து எத்தனை போர் போட அனுமதிக்கலாம் என்று முடிவு செய்தால் அது இருட்டில் கல்லெறிவதுதான். ஆண்டு மொத்தம் வேறு ஏமாற்றும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. அப்படிப் பெய்வதில் பெரும்பங்கு ஓடிக் கடலில்தான் சேரும்.

கிணற்றிலேயே நேராக அளக்கும் வழி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும், மழை முடிந்து ஜனவரியிலும் நீர்மட்டத்தை டேப்பால் பார்த்து, ஏறிய உயரத்தை மண்ணின் நீர்விடு திறனால் (மண்ணின் கன அளவில் வடிந்து வெளிவரக்கூடிய நீரின் பங்கு) பெருக்க வேண்டும். இடையில் இறைத்த தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1.5 மீட்டர் ஏற்றம், வண்டல் கலந்த மண் என்றால் 0.10-ஆல் பெருக்க 150 மி.மீ. அதே ஏற்றம் மணற்பாங்கான இடத்தில் 0.16 கணக்கில் 240, களிமண் என்றால் 0.06 கணக்கில் 90. ஆகவே பொது அட்டவணை எண்ணை எடுக்காமல், அந்த ஊர்ப் போரில் பம்பிங் டெஸ்ட் செய்து, பக்கத்துக் கிணற்றில் மட்டம் இறங்குவதைப் பார்த்து நீர்விடு திறனைக் கண்டுபிடிப்பது அவசியம். அளவெடுக்கும் நாளில் பக்கத்தில் மோட்டார் எதுவும் ஓடக்கூடாது. முந்தின இரவே நிறுத்தச் சொல்லி, காலையில் முதல் வேலையாக அளக்க வேண்டும்.